சாயும் கோபுரம், சுருங்கும் சிலை

கன்னியாகுமரி கடற்கரையில் நின்று திருவள்ளுவர் சிலையைப் படமெடுத்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிற சிலை படத்தில் ஏன் நகத்தளவாகிவிடுகிறது? "மக்கா, அரையில போட்டு எடு, எல்லாம் வந்துரும்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். கைப்பேசியில் 0.5 என்ற பொத்தானைத் தட்டினால் கடல், பாறைகள், படகு, வானம் எல்லாம் வந்துவிடும். சிலை மட்டும் இன்னும் சிறுத்துப்போகும்.

அங்கிருந்து நாகர்கோவில் சாலையில் சுசீந்திரம் வந்து தாணுமாலயன் கோயில் முன்னால் நின்றால் இரண்டாவது சந்தேகம் வரும். ஏழுநிலைக் கோபுரம் முழுதும் அடங்கும்படி அண்ணாந்து எடுத்தால், நேராக நிற்கிற கோபுரம் படத்தில் பின்பக்கமாகச் சாய்கிறது, உச்சி குறுகிவிடுகிறது.

சிலைக்கும் கோபுரத்துக்கும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, கோபுரம் 134 அடி. ஒன்று சுருங்குகிறது, மற்றது சாய்கிறது. லென்ஸ் சரியில்லை என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில்தான் அகலக் கோண ஜூம் லென்ஸ் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு புதிர்களையும் அவிழ்த்துப் பார்த்துவிடுவது நல்லது. எந்த லென்ஸ் வேண்டும் என்பதற்கான விடை அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

மில்லிமீட்டர் எதை அளக்கிறது?

லென்ஸின் மேல் 16-35, 10-18 என்று எண்கள் பொறித்திருக்கும். அவை குவியத்தூரம். வெகு தொலைவில் உள்ள காட்சி தெளிவாக விழும்போது லென்ஸின் ஒளிமையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அப்படிச் சொல்கிறோம். ஜூம் லென்ஸில் இந்த இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதால் இரண்டு எண்கள்.

வீட்டு ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை ஒட்டி நின்றால் தோட்டம் முழுதும் தெரியும். அறையின் மறுகோடிக்குப் போனால் ஒரு தென்னை மட்டும் தெரியும். சென்சார்தான் ஜன்னல், குவியத்தூரம் என்பது ஜன்னலிலிருந்து நீங்கள் நிற்கும் தூரம். 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட முழுச்சட்ட சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் இடவலமாக 40 பாகை அளவுக்குக் காட்டும். 24 மி.மீ. 74 பாகை. 16 மி.மீ. 97 பாகை, அதாவது செங்கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

அகலப் பக்கத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு. 70-லிருந்து 69-க்கு வந்தால் அரைப் பாகைகூடக் கிடைக்காது. 17-லிருந்து 16-க்கு வந்தால் கிட்டத்தட்ட மூன்றரைப் பாகை கிடைக்கிறது. 14-இல் தொடங்கும் லென்ஸுக்கும் 16-இல் தொடங்கும் லென்ஸுக்கும் இவ்வளவு விலை வித்தியாசமா என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

சென்சார் சிறிதானால் ஜன்னலும் சிறிதாகும். நம் ஊரில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில், லென்ஸின் எண்ணை 1.5-ஆல் பெருக்க வேண்டும். கேனன் என்றால் 1.6. கேமராவோடு வரும் 18-55 லென்ஸின் 18, முழுச்சட்டக் கணக்கில் 27 ஆகிவிடும். 10 மி.மீ. லென்ஸ் 15 அல்லது 16 ஆகும். கைப்பேசியின் 0.5 பொத்தான் பெரும்பாலும் 13 மி.மீ. அளவுக்குச் சமம். இனிப் போடும் கணக்குகள் எல்லாம் முழுச்சட்டத்துக்கானவை; லென்ஸின் பெயராக வரும் எண்கள் மட்டும் அதில் பொறித்தபடியே.

சிலையைச் சுருக்கியது யார்?

கடற்கரையிலிருந்து சிலை சுமார் அரைக் கிலோமீட்டர். உங்கள் தங்கை 2 மீட்டர் தள்ளி நிற்கிறாள், உயரம் 1.6 மீட்டர் என்று வையுங்கள். சிலையின் உயரம் கணக்கு வசதிக்கு 40 மீட்டர்.

உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் தங்கைக்கு 0.8 வரும், சிலைக்கு 0.08. படத்தில் தங்கை சிலையைப் போலப் பத்து மடங்கு உயரமாக இருப்பாள். இந்தக் கணக்கில் லென்ஸ் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 16 போட்டாலும் 200 போட்டாலும் பத்து மடங்கு பத்து மடங்குதான். பொருள்களின் பெரிது சிறிது உறவைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம். அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது.

16 மி.மீ. லென்ஸில் அந்தச் சிலை சென்சாரின் மேல் 1.3 மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும். சட்டத்தின் உயரம் 24. பதினெட்டில் ஒரு பங்குகூட நிறையாது. தங்கையும் சிலையும் ஒரே உயரமாகத் தெரிய வேண்டுமானால் அவளிடமிருந்து நீங்கள் 20 மீட்டர் பின்னால் போக வேண்டும். அங்கிருந்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் இருவரும் சட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை நிறைப்பார்கள். கரையில் நின்று சிலையைப் பிரம்மாண்டமாகக் காட்ட நினைப்பவருக்கு வேண்டியது தொலைநோக்கு லென்ஸ். அகலக் கோணம் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதே அகலக் கோண லென்ஸோடு நெருங்கிப் போனால், அருகில் இருப்பது பின்னால் உள்ளதைவிட மிகப் பெரிதாகத் தெரியும். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுபவர் ஒருவரின் அருகில், அவர் அனுமதியோடு உட்காருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக அரளிப் பூக்கள் மடிந்து மடிந்து பாய் போலத் தட்டையாக நீளும் அந்த மாலைக்கு ஒரு முழம் தள்ளி 16 மி.மீ. லென்ஸைப் பிடித்தால், ஒவ்வொரு மடிப்பும் தெரியும். அவர் விரலும் முகமும் பின்னால் உள்ள கூடைகளும் ஒரே படத்தில் இருக்கும். நெருங்கிப் போவதற்கான லென்ஸ் இது. நிறையப் பொருளை அடக்குவதற்கான லென்ஸ் என்று நினைத்து வாங்குபவர்கள் சில மாதங்களில் அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

சுசீந்திரத்தில் ஒரு கணக்கு

இப்போது கோபுரத்துக்கு வருவோம். கோபுரம் ஏன் சாய்கிறது? அண்ணாந்து எடுக்கும்போது கேமராவின் சென்சாரும் சாய்கிறது. கோபுரத்தின் அடி சென்சாருக்குப் பக்கத்திலும் உச்சி தூரத்திலும் ஆகிவிடுகின்றன. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், அதனால் உச்சி குறுகுகிறது. சென்சாரைக் கோபுரத்துக்கு இணையாக, நட்டமாகப் பிடித்தால் அடிக்கும் உச்சிக்கும் அந்த வேறுபாடு வராது. கோபுரம் நேராக நிற்கும்.

அப்படி நட்டமாகப் பிடித்து முழுக் கோபுரத்தையும் அடக்க எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்? கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள். இப்போது சென்சாரின் உயரம் 36 மி.மீ. நட்டமாகப் பிடித்தால் படத்தின் நடுக்கோடு உங்கள் கண்மட்டத்தில் விழும். கோபுரத்துக்குக் கிடைப்பது மேல்பாதி மட்டுமே: 18 மி.மீ. கீழ்ப்பாதி முழுதும் தரை.

40 மீட்டர் கோபுரம் 18 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். 40-ஐ 18-ஆல் வகுத்தால் 2.2 வரும். லென்ஸின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.2 மீட்டர் பின்னால் போக வேண்டும் என்று பொருள். 50 மி.மீ. லென்ஸுக்கு 111 மீட்டர். 35-க்கு 78. கேமராவோடு வந்த லென்ஸின் 27-க்கு 60. 16-க்கு 36. 14-க்கு 31.

ஒரு நடை முக்கால் மீட்டர் என்று கொண்டால், 36 மீட்டர் என்பது 48 நடை தூரம். 60 மீட்டர் 80 நடை. கோபுர வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே பின்னால் நடந்து பாருங்கள். போகப் போகக் கடைத் தட்டிகள், மின்கம்பிகள், நிறுத்தி வைத்த வண்டிகள் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வரும். 80-ஆவது நடையிலும் பார்வை மறைக்காமல் இருந்தால் உங்களிடம் இருக்கும் லென்ஸே போதும், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். 50-ஆவது நடைக்கு மேல் கோபுரம் மறைந்தால்தான் புது லென்ஸ். அதற்காக நீங்கள் கொடுக்கும் பணம் இந்த 24 மீட்டருக்குத்தான்.

அதே 36 மீட்டரில் நின்று கேமராவை 24 பாகை அண்ணாந்தால் 40 மி.மீ. லென்ஸே கோபுரத்தை அடக்கிவிடும். ஆனால் உச்சி, அடியை ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியிருக்கும். மேலே போகப் போகக் குறுகும்படிதான் கோபுரத்தையே கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் இந்தக் குறுகலும் சேர்ந்தால் சிற்பி நினைத்த விகிதம் போய்விடுகிறது. கணினியில் இழுத்து நிமிர்த்தலாம் என்பது உண்மை. இழுக்கும்போது உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பங்களின் நுணுக்கம் மங்கும், படத்தின் மேற்பகுதியில் இரு ஓரங்களும் வெட்டுப்படும். அகலமாக, நட்டமாக எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சாய்வு எப்போதும் குறை என்றும் சொல்ல மாட்டேன். பறளியாற்றின் மேல் 1966-இல் கட்டி முடித்த மாத்தூர் தொட்டிப்பாலத்தின் 28 தூண்களில் ஒன்றின் அடியில் நின்று 115 அடி மேலே அண்ணாந்து எடுங்கள். தூண் குறுகிக்கொண்டே வானத்துக்குள் போவதுதான் அங்கே படம்.

கீழ்ப்பாதியை என்ன செய்வது?

நட்டமாகப் பிடித்தால் படத்தின் பாதி தரையாகிவிடுகிறதே, அதை வெட்டி எறிவதா? சுசீந்திரத்தில் அதற்கு அவசியமில்லை. கோயிலை ஒட்டி நடுவில் மண்டபத்தோடு தெப்பக்குளம் இருக்கிறது. காற்று அடங்கிய காலை நேரத்தில் தண்ணீரில் விழும் கோபுரத்தின் பிம்பம், மேலே நிற்கும் கோபுரத்தின் அளவுக்கே கீழே இறங்கும். மேல்பாதி கோபுரம், கீழ்ப்பாதி பிம்பம், நடுவில் குளக்கரை. மேலே சொன்ன கணக்கு இந்தப் படத்துக்காகவே போட்டதுபோல் பொருந்தும்.

குளம் இல்லாத இடத்தில் வேறு எதையாவது முன்னால் வைக்க வேண்டும்: வாசல் கோலம், படிக்கட்டு, காயப்போட்ட நெல். அகலக் கோணப் படத்தில் முன்தரை வெறுமையாக இருந்தால் படமே வெறுமையாகிவிடும்.

ஓரத்தில் நிற்கும் அத்தை

கல்யாண மேடையில் இருபது பேரை நிறுத்தி 16 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் அகன்றுவிடும். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும்படி வடிவமைத்த லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் இது பொது. ஒளி சாய்வாக வந்து தட்டையான சென்சாரில் விழும்போது நீண்டு விழுகிறது. 16 மி.மீ. படத்தின் இடது, வலது ஓரத்தில் ஒரு தலை, உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகும். 24-இல் ஒன்றேகால் மடங்கு. 35-இல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கூடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். குடும்பப் படத்துக்கு 35-ஐ விட்டு இறங்காமல் இருப்பது நல்லது. இடம் குறுகல் என்றால் 24 வரை போகலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

இந்த நீட்சி உண்மையில் பிழை அல்ல. படத்தைச் சரியான தூரத்தில் வைத்துப் பார்த்தால் மறைந்துவிடும். 16 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தை 15 சென்டிமீட்டர் அகலத் திரையில் பார்த்தால், சென்சாரில் விழுந்ததைப் போல நான்கு மடங்கு பெரிதாகப் பார்க்கிறோம். சரியான பார்வைத் தூரமும் 16-இன் நான்கு மடங்கு: ஆறேழு சென்டிமீட்டர். அவ்வளவு நெருக்கத்தில் எவர் கண்ணுக்கும் தெளியாது. நாம் ஒரு அடி தள்ளிப் பிடிக்கிறோம்; 97 பாகைக் காட்சி சுமார் இருபத்தெட்டு பாகைக்குள் நசுங்குகிறது. கண்ணுக்குப் பெரிதாக இருந்த சிலை திரையில் சுருங்கியதற்கு இது இன்னொரு காரணம்.

அதே படத்தை 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டினால் சரியான தூரம் 40 சென்டிமீட்டர். அங்கே நின்று நடுவில் கண்ணை வைத்தால் ஓரங்கள் அடங்கி, கோபுரம் எதிரில் நிற்பதுபோல் தோன்றும். அகலக் கோணப் படம் பெரிய அச்சுக்கானது. கைப்பேசியில் மட்டுமே படம் பார்ப்பவர் இந்த லென்ஸுக்குச் செலவிடும் முன் ஒருமுறை யோசிக்கலாம்.

பத்மநாபபுரத்தின் இருட்டு

கடைக்காரர் அடுத்துக் கேட்பார்: எஃப் 2.8 வேண்டுமா, எஃப் 4 போதுமா? இது லென்ஸின் துளையைப் பற்றிய எண். சிறிய எண் என்றால் பெரிய துளை, 2.8, 4-ஐப் போல இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும். 2007-இல் வந்த நிக்கானின் 14-24 எஃப் 2.8 ஏறக்குறைய ஒரு கிலோ. அதே நிறுவனம் 2019-இல் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராவுக்காகக் கொண்டுவந்த 14-30 எஃப் 4 அரைக் கிலோகூட இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையை எடுத்துக்கொள்வோம். நீண்ட கூடம், தாழ்ந்த மரக்கூரை, கீற்றுக் கீற்றாக விழும் வெளிச்சம். இருட்டாக இருக்கிறதே, 2.8 வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். கூடம் அசைவதில்லை. அகலக் கோண லென்ஸில் கைநடுக்கம் குறைவாகவே தெரியும், 16 மி.மீ.யில் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் வரை மூச்சைப் பிடித்துக் கையிலேயே எடுத்துவிடலாம். நடுக்கம் தணிக்கும் வசதி கேமராவிலோ லென்ஸிலோ இருந்தால் அதைவிட நீண்ட நேரமும் கிடைக்கும். அருகில் உள்ள தூணிலிருந்து கோடி வரை எல்லாம் தெளிவாக இருக்கத் துளையை எப்படியும் எஃப் 8 அளவுக்குக் குறைக்கப் போகிறீர்கள். பெரிய துளைக்குக் கொடுத்த பணம் அங்கே சும்மா கிடக்கும்.

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் இரவு வாகனம் வெளியே வரும்போது நிலைமை வேறு. ஆள் அசைகிறார், தீவட்டி அசைகிறது. நடுக்கம் தணிக்கும் வசதி உங்கள் கையை மட்டுமே அடக்கும், அவர்களை அடக்காது. அங்கே 2.8 தன் விலையை நியாயப்படுத்தும். இரவுத் திருவிழாவும் கல்யாண மண்டபமும் உங்கள் பிழைப்பு என்றால் 2.8, கோயிலும் மலையும் கடலும் என்றால் 4.

புடைத்த கண்ணாடியும் உப்புக் காற்றும்

16 மி.மீ. லென்ஸ் சென்சாருக்கு 16 மி.மீ. தள்ளி இருந்தால் போதுமே, ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி எழுந்து தாழ இடம் வேண்டும். நிக்கான் எஸ்எல்ஆரில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. 16 மி.மீ. லென்ஸை அதற்குள் நுழைக்க முடியாது. 1950-இல் பிரான்ஸின் ஆஞ்செனியூ நிறுவனம் இதற்கு ஒரு வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது: ஒளியை விரிக்கும் குழிவில்லைகளை முன்னால் வைத்து, குவிக்கும் வில்லைகளைப் பின்னால் வைத்தார்கள். ஒளிமையம் லென்ஸுக்குப் பின்னால், வெற்றிடத்தில் போய் விழும். முன்பக்கம் பெருத்ததற்குக் காரணம் இந்த ஏற்பாடு. கண்ணாடியில்லா கேமராக்களில் அந்த இடைவெளி 16 முதல் 20 மி.மீ. வரை குறைந்ததால்தான் லென்ஸ்கள் இளைத்தன.

நம் ஊருக்கு இதில் ஒரு நடைமுறைச் சங்கதி உண்டு. முன்வில்லை வெளியே புடைத்த லென்ஸில் வழக்கமான பாதுகாப்புக் கண்ணாடியைத் திருகி மாட்ட முடியாது. கன்னியாகுமரிக் கரையிலோ முட்டத்திலோ மணவாளக்குறிச்சியிலோ பொழுது சாயும்வரை நின்றால் லென்ஸின் மேல் உப்பு படியும், மணலும் ஒட்டும். அதைத் துணியால் துடைத்தால் கீறல் விழும்; முதலில் காற்றடித்து ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் கீறல் அதோடு போகும். கடற்கரையில் படமெடுப்பவருக்குத் தட்டையான முன்பக்கம் உள்ள லென்ஸையே சொல்வேன், 14-க்குப் பதில் 16-இல் தொடங்கினாலும் பரவாயில்லை.

வானத்தை அடர்நீலமாக்கும் போலரைசர் கண்ணாடியை அகலக் கோணத்தில் மாட்ட வேண்டாம். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளிய வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். 97 பாகை அகலப் படத்தில் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம் என்று வானம் திட்டுத்திட்டாகிவிடும்.

எதை வாங்குவது?

முதலில் ஏற்கெனவே எடுத்த படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தது என்று பாருங்கள். படக் கோப்பிலேயே அது பதிவாகியிருக்கும். 18-55 லென்ஸில் பாதிக்கு மேல் 18-இல் முட்டி நிற்கிறது என்றால் உங்களுக்கு அகலம் போதவில்லை. 35-ஐச் சுற்றியே இருந்தால் இந்த லென்ஸ் இப்போது வேண்டாம்.

வேண்டும் என்று தெரிந்தால், சிறிய சென்சார் கேமராவுக்கு 10-இல் தொடங்கும் ஜூம், முழுச்சட்டத்துக்கு 16-35. கேனனின் சிறிய சென்சார் எஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு 2014-இல் வந்த 10-18 நல்ல தொடக்கம்: 240 கிராம்தான், நடுக்கம் தணிக்கும் வசதியும் முன்னால் கண்ணாடி மாட்டும் வசதியும் உண்டு. ஜூம் எதற்கு, ஒரே குவியத்தூரம் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குளக்கரையிலும் பாறையிலும் நினைத்தபடி முன்னும் பின்னும் நடக்க முடியாது. அங்கே ஜூம்தான் கைகொடுக்கும்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் ஒரு சோதனை போதும். சுண்ணாம்பு பூசாத செங்கல் சுவருக்கு நேர் எதிரே, இணையாகக் கேமராவை நிறுத்தி எஃப் 5.6-இல் ஒரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவுக்கு மங்கலாக இருந்தால் கவலையில்லை, அகலக் கோணத்தில் அது வழக்கம். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே வில்லை இடம் பிசகியிருக்கிறது; எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.